நான்கு தள்ளுவண்டிகளும் சோல்வையும்

எங்கள் தெருவில் பிள்ளைகளைத் தூங்க வைப்பதில் சோல்வையை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. நானும் அதே வேலைதான் பார்க்கிறேன், அவளைவிடப் பதினைந்து வருடம் கூடுதலாக. நகராட்சி அனுமதி தந்து, ஊரார் பிள்ளைகள் நாலு பேரைக் காலை ஆறரையிலிருந்து மாலை நாலு வரை நம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. மூக்குத் துடைப்பது, ரொட்டியில் ஈரல் விழுது தடவித் தருவது, மணல் தின்னாமல் தடுப்பது எல்லாம் யாருக்கும் வரும். நடுப்பகலில் நாலு பேரையும் அவரவர் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, வார் பூட்டி, கனத்த போர்வை போர்த்தி, எங்கள் ஊர் வழக்கப்படி வெளியே இறவாரத்தின் கீழே குளிர்காற்றில் நிறுத்தித் தூங்க வைப்பதில்தான் ஆளின் தரம் தெரியும்.

நான் பாடுவேன், வண்டியை ஆட்டுவேன், சில நாள் கெஞ்சவும் செய்வேன். சோல்வை அப்படி ஒன்றும் செய்ய மாட்டாள். பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துவிட்டு, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பாள். ஐந்து நிமிடத்தில் பிள்ளை தூங்கிவிடும். பெர்ட்டில் என்று ஒரு வயது தாண்டிய பயல் ஒருவன், பெற்ற அம்மாவிடமே இரவு முழுக்க மல்லுக்கட்டுகிறவன், சோல்வையின் கை பட்டால் ஆறாவது நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பான். அவன் அம்மா யோஹன்னெ ஒருநாள் சோல்வையின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஏதாவது தடவியிருக்கிறாளா என்று சந்தேகம்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் சென்ற பனிக்காலத்தில் தூக்கம் அறவே போயிற்று. அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது, வயிற்றில் பிள்ளை. மே பன்னிரண்டாம் தேதி என்று நாள் குறித்திருந்தார்கள். ஏப்ரல் பதினான்காம் தேதி பேறுகால விடுப்பு தொடங்கும். அதுவரை நாலு பிள்ளைகளையும் கைவிடாமல் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பது அவள் பிடிவாதம். பாதியில் நின்றால் நாலு பேரையும் நாலு வீட்டுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள், பெர்ட்டில் மறுபடி தூங்காமல் போய்விடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது பாதிக் காரணம்தான். மீதியை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன், ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் செய்தது எதுவும் உங்களுக்கு விளங்காது. ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு பெண்குழந்தை ஏழாம் மாதத்தில் செத்துப் பிறந்தது. அது தெருவுக்கே தெரியும், எல்லாரும் சவ அடக்கத்துக்குப் போனோம். தெரியாதது என்னவென்றால், அந்தக் கடைசி இரவு சோல்வை ஒன்பது மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்கியிருக்கிறாள். அவ்வளவு நல்ல தூக்கம் அவளுக்கு அந்த வருடமே வாய்க்கவில்லையாம். விழித்துப் பார்த்தபோது மல்லாந்து கிடந்தாள், வயிற்றில் அசைவு இல்லை. தொப்புள்கொடியில் இருந்த கோளாறு, உன் தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர்கள் எழுத்திலேயே கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவள் மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதை நம்பினாளா என்பது வேறு விஷயம்.

இந்தமுறை மருத்துவச்சி, கடைசி மூன்று மாதம் ஒருக்களித்துப் படு, மல்லாக்கப் படுக்காதே என்றாள். எல்லாக் கர்ப்பிணிகளிடமும் சொல்வதுதான். கூடவே இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். அது சோல்வையின் காதில் ஏறவில்லை. ஒருக்களித்துப் படு என்றது மட்டும் ஏறியது, ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து படுக்கையறையில் யுத்த ஏற்பாடுகள் நடந்தன. முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு, அதற்குப் பின்னால் அவள் புருஷன் எஸ்பெனின் கம்பளிச் சட்டைக்குள் தலையணையைத் திணித்து ஒரு மூட்டை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, வயிற்றுக்கு அடியில் ஒன்று. எஸ்பென் கடலுக்கு நடுவே காற்றாலை பழுது பார்க்கிறவன். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். வீட்டில் இருக்கும்போது, நான் புரளுகிறேனா என்று பார்த்துக்கொள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவனும் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு அவளுக்கு முந்திக் குறட்டை விட்டிருக்கிறான். ஆள் நல்லவன், விழித்திருக்கத்தான் தெரியாது.

இது போதாதென்று எட்டாம் மாதத்துக்கு உரியவை வேறு. படுத்தால் நெஞ்செரிச்சல். எழுந்து உட்கார்ந்தால் கால் குடைச்சல், காலுக்குள் எறும்பு ஓடுகிறது என்று இருட்டில் வீட்டைச் சுற்றி நடப்பாள். ஒன்றரை மணிக்கு ஒருமுறை சிறுநீர். கொஞ்சம் கண் அயர்ந்தால் உடனே திடுக்கிட்டு எழுந்து, முதுகு எங்கே இருக்கிறது என்று பார்த்து, வயிற்றில் கை வைத்து, உதை வரும்வரை காத்திருந்து, வந்தபின் படுத்து, மறுபடி முதலிலிருந்து. நாலு மணி ஆனால் தோற்றுப்போய் எழுந்து மாவு பிசைவாள்.

தெருவுக்குத் தெரிந்தது இந்த மாவு விஷயம்தான். எங்கள் எட்டு வீட்டுக் கதவுப் பிடியிலும் காலையில் ஒரு காகிதப் பை தொங்கும். உள்ளே ஏலக்காய் போட்ட பன் மூன்று. நாலு மணிக்குச் சுட்டதை அவள் ஐந்து மணிக்கு மாட்டிவிட்டுப் போவாள். நாங்கள் ஆறரைக்குக் கதவைத் திறப்பதற்குள் காற்றில் ஆறிக் கல்லாகிப்போயிருக்கும். காப்பியில் தோய்த்துத் தின்றோம். சோல்வைக்குப் பிள்ளை பிறப்பதற்குள் நமக்கு வயிறு வந்துவிடும் என்று எதிர்வீட்டு வெர்னர் சொல்வார். எல்லாரும் சிரித்தோம். நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவள் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்று ஒருத்தரும் கணக்குப் போடவில்லை. பன் ருசியாக இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் நடுவில் அவள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. காப்பித் தூளை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பாலை அலமாரியில் வைத்தாள். யோஹன்னெயின் பயலுக்கு வேறொரு பெண்பிள்ளையின் ரோஸ் நிறக் குளிர் உடுப்பை மாட்டி அனுப்பினாள். ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. யார் எப்போது தின்றது, யாருக்குப் பல் வருகிறது, எல்லாம் விரல் நுனியில் இருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லா இருக்கு என்பாள். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லுகிற பழக்கம் இல்லை, ஒரு பதில் வந்தபின் மேலே கேட்கிற பழக்கமும் இல்லை.

வெர்னருக்கு எழுபத்தாறு வயது. சிப்பி அள்ளும் படகில் வாழ்நாளெல்லாம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர், பெண்டாட்டி போனபின் தனிக்கட்டை. அவர் வீட்டு வேலிச்செடிக்கு நேர் எதிரேதான் சோல்வையின் இறவாரம். அந்த மார்ச்சில் அவர் தினமும் பன்னிரண்டு மணிக்குக் கத்தரியை எடுத்துக்கொண்டு வேலி வெட்ட வந்துவிடுவார். முதல் நாள் பார்த்தேன். நாலாம் நாளும் பார்த்தேன். வேலி தோளுயரத்திலிருந்து நெஞ்சுக்கு வந்தது, நெஞ்சிலிருந்து இடுப்புக்கு வந்தது. மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று, கொக்கி போட்டு ஒன்றாகக் கோத்திருக்கும் என் நாலு வண்டிகளையும் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"பென்டே, எதிர்வீட்டுப் பொண்ணு தூங்குது" என்றார் அவர், கத்தரியை நிறுத்தாமல்.

"எங்க?"

"பெஞ்சுல. பிள்ளைங்க தூங்குற நேரத்துல."

"எத்தனை நாளா?"

"இன்னியோட எட்டு."

"அதுக்கு நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"வேலி வெட்டிட்டிருக்கேன்."

எட்டிப் பார்த்தேன். சுவரோரம் இருக்கும் பெஞ்சின் மூலையில் சாய்ந்து, இடதுபக்கம் சரிந்து, வயிற்றின் மேல் ஒரு கையும் பக்கத்தில் இருந்த பெர்ட்டிலின் வண்டிப் பிடியில் ஒரு கையுமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த மூலையில் புரள இடமே இல்லை. அதனால்தான் அங்கே தூக்கம் வந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் தூங்கும்போது நாம் தூங்கக் கூடாது, எங்கள் வேலையின் முதல் விதியே அதுதான் என்று மட்டும் தோன்றியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் ஒவ்வொரு நெஞ்சும் ஏறி இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். வார் கழுத்துப் பக்கம் ஏறியிருக்கிறதா, மூக்கு சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும்.

நான் அவளிடம் பேசுகிறேன் என்று வெர்னரிடம் சொன்னேன். பேசவில்லை. அன்று சாயங்காலம் போகலாம் என்று நினைத்தேன், அப்புறம் நாளைக்கு என்று நினைத்தேன். அவள் அவமானப்பட்டுவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் பயம். அதற்குப் பதிலாக என் பிள்ளைகளை வண்டியில் போட்டுத் தூங்க வைத்து, பன்னிரண்டே காலுக்கு அவள் வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு உலாத்த ஆரம்பித்தேன். புதன்கிழமைகளில் யோஹன்னெ அரைநாள் வேலை முடிந்து சீக்கிரம் வருகிறவள். அவள் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். கண்ணாடி வழியாக அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை ஆட்டினேன், அவளும் ஆட்டினாள். மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு காவல் காத்தோம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல். இதை ஒருவர்மேல் ஒருவர் வைத்த மரியாதை என்று எங்கள் ஊரில் சொல்வோம். நான் இப்போது அதைக் கோழைத்தனம் என்கிறேன். நாலு பிள்ளைகளின் மூச்சை ஒரு கிழவரின் வேலிக்கத்தரியை நம்பி விட்டுவைத்தோம்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த நாட்களில் வெர்னர் தெருவைத் தாண்டி வந்து வண்டிகளைப் பார்க்கவும் தொடங்கியிருந்தார். பூனைபோல் வருவார், குனிந்து நாலு நெஞ்சையும் பார்ப்பார், ஐந்தாவதாக அவளையும் பார்ப்பார், திரும்பிப் போவார். அவள் விழித்தபின் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து கன்னத்தைத் தேய்த்துக்கொள்வாள். இரண்டு நிமிடம் கண்ணை மூடினோம் என்றுதான் உண்மையாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். தினமும் ஐம்பது நிமிடம் அப்படிப் போனது.

மார்ச் கடைசி வியாழக்கிழமை நகராட்சியிலிருந்து மெரேட்டெ வந்தாள். எங்கள் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பவள். வருடத்துக்கு இருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வருவாள், அது அவள் வேலை. கெட்டவள் இல்லை, கையில் ஒரு தாள்கட்டு எப்போதும் இருக்கும், அவ்வளவுதான். நான் மூலை திரும்பும்போது அவள் சைக்கிள் சோல்வையின் வாசலில் நின்றது. வண்டிகளைத் தள்ளிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன்.

பெர்ட்டில் விழித்துக்கொண்டு சிணுங்கியிருக்கிறான். வெர்னர் ஒரு கையில் கத்தரியோடு இன்னொரு கையால் அவன் வண்டியை ஆட்டிக்கொண்டு நின்றார். பெஞ்சில் சோல்வை தூங்கிக்கொண்டிருந்தாள். மெரேட்டெ மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க இங்க என்ன செய்றீங்க?" என்று வெர்னரிடம் கேட்டாள்.

"வேலி வெட்டிட்டிருக்கேன்."

அவள் திரும்பித் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வேலி முழங்கால் உயரம் இருந்தது.

"அதுல இன்னும் வெட்ட என்ன இருக்கு?"

பேச்சுச் சத்தத்தில் சோல்வை விழித்துக்கொண்டாள். முதலில் வயிற்றைத் தொட்டாள், பிறகு வண்டிகளை எண்ணினாள், அப்புறம்தான் மெரேட்டெயைப் பார்த்தாள். எழுந்து நின்று, தூங்கிட்டேன், ரெண்டு நிமிஷம் இருக்கும் என்று தானாகவே சொன்னாள். மறைக்கிற குணம் அவளுக்கு இல்லை.

மெரேட்டெ வெர்னர் பக்கம் திரும்பினாள். அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன், வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"அம்பது நிமிஷம். நேத்தும் அம்பது. நானும் ரெண்டு வாரமா பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

சோல்வை அவரைப் பார்த்தாள். பிறகு வாசலில் நான்கு வண்டிகளோடு மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்தாள்.

"உனக்கும் தெரியுமா, பென்டே?"

தெரியும் என்றேன்.

"வேற யாருக்கு?"

"யோஹன்னெக்கும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாருமா சேர்ந்து என்னை அஞ்சாவது பிள்ளையா வச்சுப் பார்த்திருக்கீங்க. நான் என்னடான்னா வேலை பார்க்கிறதா நினைச்சுட்டிருந்தேன். ஒருத்தருக்காவது என்னை எழுப்பணும்னு தோணலையா?"

மெரேட்டெ தாள்கட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, பார்த்ததை நான் எழுதித்தான் ஆகவேண்டும் என்றாள். குரலில் அதட்டல் இல்லை.

"எழுது. தூங்கினேன்னு எழுது" என்றாள் சோல்வை. "அன்னைக்கும் நான் தூங்கினேன். அவ போனப்போ தூங்கிட்டுத்தான் இருந்தேன். அதையும் சேர்த்து எழுதிக்கோ."

யாரைச் சொல்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆயிற்று. புரிந்தபின் என் கையில் இருந்த வண்டிப் பிடியை இறுக்கிக்கொண்டேன். வெர்னர் தொப்பியைப் போட மறந்து நின்றார். பெர்ட்டில் மட்டும் தன்னை யாரும் ஆட்டவில்லையே என்று சத்தம் போட்டான். சோல்வை பழக்கத்தில் அவன் நெஞ்சில் கையை வைத்தாள், அவன் அடங்கினான்.

மெரேட்டெ அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் முடித்தாள். சோல்வைக்கு மறுநாளிலிருந்து மருத்துவ விடுப்பு. பெர்ட்டிலும் இன்னொரு பெண்பிள்ளையும் என்னிடம் வந்தார்கள். அதற்கு இடம் பண்ண என் பிள்ளைகளில் இருவரைத் தேவாலயத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சோல்வையின் மற்ற இருவரும் அடுத்த தெருவுக்குப் போனார்கள். அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். அனுமதியை ரத்து செய்யவேண்டாம், பேறுகால விடுப்பு முடிந்து திரும்பும்போது பேசிக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். எனக்கும் ஒரு கடிதம் வந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு. நியாயம்தான்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரும்புச் சத்து தரைமட்டத்தில் இருக்கிறது, கால் குடைச்சல் அதனால்தான் என்று மாத்திரை எழுதினார். மருத்துவச்சி வீட்டுக்கே வந்து, முன்பு காதில் ஏறாத மீதிப் பாதியைத் திரும்பச் சொன்னாள். தூங்கப் போகும்போது ஒருக்களித்துப் படுத்தால் போதும், நடுவில் விழித்து மல்லாந்திருக்கக் கண்டால் திரும்பிப் படுத்துவிட்டுத் தூங்கலாம், காவல் இருக்கவேண்டியதில்லை என்றாள். சோல்வை தலையாட்டினாள். புத்திக்குப் புரிந்தது. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்று நாள் அவள் எங்கள் யாரோடும் பேசவில்லை. கதவுப் பிடிகளில் பை தொங்கவில்லை. கோபம்தான், ஆனால் தூங்குகிறாள் போல என்று நான் எனக்குச் சாதகமாக நினைத்துக்கொண்டேன். வெர்னர் மறுத்தார். அவருக்கு முதுமையில் அதிகாலையிலேயே விழிப்பு வந்துவிடும், அவள் சமையலறை விளக்கு தினமும் எரிகிறது என்றார். எஸ்பென் அடுத்த வாரம்தான் வருவான். என் வீட்டில் பெர்ட்டில் மூன்று நாளும் நடுப்பகலில் தொண்டை கிழியக் கத்தினான். நான் பாடினேன், ஆட்டினேன், கெஞ்சினேன். அவன் என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

நாலாம் நாள் பன்னிரண்டரைக்கு அவன் கத்திக்கொண்டிருக்கும்போது வாசற்கதவு திறந்தது. சோல்வை கம்பளிச் சட்டையோடு, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நடந்து வந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே அவன் வண்டிக்குப் போய் நெஞ்சில் கையை வைத்தாள். கடல் பக்கம் பார்த்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவன் தூங்கியபின்னும் கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, உதடு வெடித்து, பார்க்கச் சகிக்கவில்லை. இந்தமுறை நான் கேட்டேன்.

"தூங்கினியா?"

நல்லா இருக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு இல்லை என்று தலையசைத்தாள்.

"சோல்வை, நான் முன்னாடியே உன்கிட்ட வந்து பேசியிருக்கணும். பயந்துட்டேன். தப்பு என்னோடது" என்றேன். இதைச் சொல்ல மூன்று நாளாக வாசகம் தேடிக்கொண்டிருந்தேன், கடைசியில் இவ்வளவுதான் வந்தது.

அவள் பெர்ட்டிலின் நெஞ்சிலிருந்து மெல்லக் கையை எடுத்தாள்.

"நீ இப்போ தூங்க மாட்டியே?" என்று கேட்டாள்.

"விழிச்சிருக்கத்தான் எனக்குச் சம்பளம்."

"நான் மல்லாந்தா?"

"திருப்பி விடறேன்."

என் வீட்டுப் பின்கட்டில் சாய்வுக் கட்டில் ஒன்று மடித்துக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து வண்டிகளின் வரிசையில் கடைசியாகப் போட்டேன். மேலே ஆட்டுத்தோல் விரித்தேன். தலைக்கு ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் ஒன்று. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். பிள்ளைகளுக்குப் போர்த்துகிற மாதிரியே கனத்த போர்வையைப் போர்த்தி விளிம்பைச் செருகினேன். என்னைப் பார்த்தாள், நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதைப் பார்த்தாள், கண்ணை மூடினாள். அதற்கப்புறம் நான் எண்ணவேண்டிய நெஞ்சு ஐந்து.

இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு கவனமாக நான் வேலை பார்த்ததில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையாகப் போய்வந்தேன். நாற்பதாவது நிமிடத்தில் போர்வை அசைந்தது. அவள் தோள் மெல்லப் பின்னால் சரியத் தொடங்கியது. நான் குனிந்து முதுகில் உள்ளங்கையை வைத்தேன். பாடவில்லை, ஆட்டவில்லை. கடல் பக்கம் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த முதுகு கொஞ்சம் என் கையில் பாரமாக இருந்தது, பிறகு தானாகவே முன்பக்கம் திரும்பிப் போயிற்று. அவள் விழிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, மூக்கை உறிஞ்சினால் பிள்ளைகள் விழித்துவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

பிள்ளைகள் எழுந்து உள்ளே ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போதும் அவள் தூங்கினாள். நான் கதவைத் திறந்துவைத்து வாசலில் நின்று உள்ளே பிள்ளைகளையும் வெளியே அவளையும் பார்த்துக்கொண்டேன். எழுந்ததும் வயிற்றில் கை வைத்தாள். உதை வந்திருக்கவேண்டும், முகம் தளர்ந்தது.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி பத்து நிமிஷம்."

"திரும்பினேனா?"

இல்லை என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாய்வரை வந்தது.

"ஒரு தடவை. கையை வச்சேன், சரியாயிட்டே" என்றேன்.

அவள் அதை யோசித்துக்கொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, நாளைக்கும் வர்றேன், பெர்ட்டில் பாவம் என்றாள். பெர்ட்டில் பாவம்தான் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

அப்படி ஒன்பது நாள் வந்தாள். இரண்டாம் நாளிலிருந்து கதவுப் பிடியில் மறுபடி பை தொங்கியது. மன்னித்துவிட்டாள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். தொட்டுப் பார்த்தால் பழையபடி ஆறிக் கல்லாக இருந்தது. பகலில் தூங்குகிறாள், நாலு மணிக்கு இன்னும் விழித்திருக்கிறாள் என்று உறைத்ததும் சந்தோஷம் பாதியாகப் போயிற்று. ஐந்தாம் நாள் எஸ்பென் கடலிலிருந்து வந்தான். என்னிடம் வந்து, கையை எந்த இடத்தில் வைத்தாய், எவ்வளவு அழுத்தினாய் என்று காற்றாலைக்காரன் புத்தியோடு விசாரித்துக்கொண்டு போனான். அதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்ன, முதுகைத் திருப்பச் சொல்லி வைத்துக் காட்டினேன்.

பத்தாம் நாள் காலை ஆறரைக்கு வழக்கம்போல் கதவைத் திறந்தேன். பிடியில் பை இல்லை. பெர்ட்டிலை யோஹன்னெ கொண்டுவந்து விட்டாள், மற்றவர்களும் வந்தார்கள், கஞ்சி கொடுத்தேன். ஏழே முக்காலுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்ப்பதற்குள் ஆள் போய்விட்டாள், பை தொங்கிக்கொண்டிருந்தது. தெருவுக்கு எதிரே வெர்னர் தன் கதவில் தொங்கிய பையை இரண்டு கைகளிலும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என்னுடையதைப் பிடியிலிருந்து கழற்றினேன். கை சுட்டது.